பலூனில் ஏற்றிய விளக்கைக் கொண்டு தொலைநோக்கியை அளவுதிருத்துவது எப்படி?

ஒரு விண்மீன் இன்னொன்றைவிட எத்தனை மடங்கு பொலிவானது என்பதை, ஒரு நடுத்தரத் தொலைநோக்கியும் நல்ல கேமராவும் இருந்தால் யாரும் அளந்துவிடலாம். அந்த விண்மீனிலிருந்து ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வாட் ஒளி வந்து சேர்கிறது என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. கேமரா தருவது வெறும் எண்ணிக்கை; அதை வாட்டாக மாற்றும் பெருக்கெண்ணுக்குள் ஆடியில் படிந்த தூசியும், வடிகட்டியின் இயல்பும், உணரியின் திறனும், தலைக்கு மேலுள்ள காற்றும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. 1970-இல் ஓக், ஷில்ட் ஆகியோர் அபிஜித் எனப்படும் வேகா விண்மீனின் ஒளியைத் தரைமட்டத்தில் வைத்த, ஒளியளவு முன்பே தெரிந்த அளவுவிளக்குகளோடும் உலைகளோடும் ஒப்பிட்டார்கள். விண்மீனின் ஒளி வளிமண்டலம் முழுவதையும் கடந்து வருகிறது, தரையிலுள்ள விளக்கின் ஒளியோ கிடைமட்டமாகக் கொஞ்சம் காற்றைத்தான் கடக்கிறது என்பதே இத்தகைய ஒப்பீட்டின் தீராத குறை. முதலாம் ஏ வகைச் சூப்பர்நோவா எனப்படும் விண்மீன் வெடிப்புகளைக் கொண்டு, பிரபஞ்ச விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றலை ஆராய்பவர்களுக்கு இக்குறை பெரிதாக உறுத்துகிறது. அருகிலுள்ள வெடிப்பின் நீல ஒளி, தொலைவிலுள்ள வெடிப்பில் பிரபஞ்ச விரிவால் செந்நிறமாக வந்து சேர்வதால், நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையிலான அளவுத்திருத்தம் ஒரு சதவீதம் பிசகினாலும் முடிவு மாறக்கூடும்.

விளக்கையே காற்றுக்கு மேலே கொண்டுபோய் வைத்துவிடுவதுதான் இதற்கு வழி. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தினர் தொடங்கிய ஆல்டேர் திட்டம் பலூனில் இதைச் செய்ய முனைந்தது. அதே பல்கலைக்கழகத்தின் சிறு செயற்கைக்கோளான ஆர்க்காசாட் 2022-இல் ஏவப்பட்டது. எட்டு லேசர்களைச் சுமக்கும் லாண்டோல்ட் என்னும் செயற்கைக்கோளை 2029-இல் ஏவ நாசா திட்டமிட்டிருக்கிறது. செலவு குறைவு என்பதைவிடப் பலூனுக்கு இன்னொரு பெருமை உண்டு என்பது என் கருத்து: மேலே போன விளக்கு கீழே வருகிறது, அதை மறுபடியும் ஆய்வகத்தில் அளந்து பார்க்க முடிகிறது.

முதலில் ஒளிமூலத்தை அமையுங்கள். உள்ளே வெண்பூச்சுப் பூசிய ஒரு கோளத்துக்குள் சில லேசர் டயோடுகளின் ஒளியைச் செலுத்தினால், அது சுவர்களில் பலமுறை சிதறிச் சீராகி, கீழ்நோக்கிய துளை வழியாக வெளியேறும். கோளத்தின் சுவரில் ஒளியை மின்னோட்டமாக மாற்றும் ஒரு சிலிக்கான் போட்டோடயோடைப் பொருத்தி, ஒளியின் அளவை நொடிக்கு நொடி பதிவு செய்யுங்கள். இங்கே மறக்கக்கூடாத விதி ஒன்று உண்டு: விளக்கை நம்பாதீர்கள், போட்டோடயோடை நம்புங்கள். லேசரின் திறன் குளிரிலும் மின்கலத்தின் தளர்ச்சியிலும் மாறிக்கொண்டே இருக்கும். போட்டோடயோடோ, அமெரிக்காவின் நிஸ்ட் போன்ற தேசிய அளவியல் நிறுவனத்தின் தரத்தோடு ஒப்பிடப்பட்டிருந்தால், கட்புல ஒளியில் 0.2 சதவீத அளவிலான நம்பகத்தன்மை உடையது. ஆயினும் அகச்சிவப்பை நெருங்கும் அலைநீளங்களில் அதன் திறன் வெப்பநிலையோடு மாறும். வழியில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 50 முதல் 60 பாகை வரை இறங்குவதால், போட்டோடயோடையும் லேசர்களையும் வெப்பக்காப்புப் பெட்டியில் வைத்து, அவற்றின் வெப்பநிலையையும் பதிவு செய்ய வேண்டும்.

எவ்வளவு ஒளி வேண்டும்? துளையிலிருந்து 1 மில்லிவாட் பச்சை ஒளி வெளியேறி, விளக்கு 30 கி.மீ. உயரத்தில் நேர் தலைக்கு மேல் இருந்தால், அது ஏறக்குறைய 10-ஆம் பொலிவெண் விண்மீனைப் போலத் தெரியும். 10 மில்லிவாட்டுக்கு அது 7.5-ஐ ஒட்டி வரும் (பொலிவெண் குறையக் குறையப் பொலிவு கூடும்). அந்தத் தொலைவில் 10 செ.மீ. அகலத் துளை 0.7 வில்விநாடி (ஒரு வில்விநாடி பாகையில் 3600-இல் ஒரு பங்கு) மட்டுமே என்பதால் அதையும் விண்மீனைப் போன்ற புள்ளியாகவே கருதலாம்.

அடுத்து ஆய்வகத்தில் துளையிலிருந்து எத்திசையில் எவ்வளவு ஒளி போகிறது என்ற வரைபடத்தைத் தயாரியுங்கள். இந்த முயற்சியின் வெற்றி தோல்வி இங்கேதான் இருக்கிறது. பலரும் தொலைவைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். ஆனால் 30 கி.மீ.யில் 10 மீட்டர் பிழை ஏற்பட்டாலும் ஒளியளவு 0.07 சதவீதம்கூட மாறாது. சாய்வு அப்படியல்ல. தட்டையான துளையின் ஒளி கோணத்தின் கொசைன் விகிதத்தில் குறைவதால், நேர் கீழே நின்று பார்ப்பவருக்கு 5 பாகை ஆட்டம் 0.4 சதவீத மாற்றத்தையே தரும். 45 பாகை பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்கோ அதே ஆட்டம் 9 சதவீதம் வரை பிசகைத் தந்துவிடும். ஆகவே சுமையில் சாய்வுமானியைப் பொருத்துங்கள், பலூனுக்கும் சுமைக்கும் இடையிலான கயிற்றை நீளமாக விட்டு ஆட்டத்தைத் தணியுங்கள், பலூன் நேர் தலைக்கு மேல் வரும்போதே அளவெடுக்கத் திட்டமிடுங்கள்.

வானிலைப் பலூன் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஏறினால் 30 கி.மீ. உயரத்தை எட்ட 100 நிமிடம் ஆகும். அதற்குள் காற்று அதை வெகுதூரம் தள்ளிவிடும் என்பதால், ஏவும் இடத்தைக் காற்றோட்டக் கணிப்பைக் கொண்டு தொலைநோக்கிக்கு எதிர்க்காற்றுத் திசையில் தேர்ந்தெடுக்க வேண்டும். விமானப் போக்குவரத்துத் துறையின் அனுமதி நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்க விதிகளில் 6 பவுண்டுக்கு மேற்பட்ட ஒற்றைச் சுமைக்குக் கட்டுப்பாடுகள் கடுமையாகின்றன. ஜிபிஎஸ் கருவியை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பழைய ஏற்றுமதிக் கட்டுப்பாட்டின் காரணமாகச் சில கருவிகள் 18 கி.மீ. உயரத்துக்கு மேல் இயங்க மறுக்கும். பலூன் அந்த உயரத்தைத் தாண்டிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் செய்வதற்கு எதுவும் இல்லை.

நிலவில்லாத இரவாக, அந்தி முழுவதும் அடங்கிய நேரமாகப் பாருங்கள். 30 கி.மீ. உயரத்தில் இருப்பவருக்குத் தொடுவானம் ஐந்தரைப் பாகை தாழ்ந்திருப்பதால், தரையில் சூரியன் மறைந்த பின்னும் பலூன் சிறிது நேரம் வெயிலில் மின்னிக்கொண்டிருக்கும். தொலைநோக்கியின் குவியத்தையும் மாற்றியாக வேண்டும்: குவியத் தொலைவு 2 மீட்டராக இருந்தால் 30 கி.மீ.யிலுள்ள விளக்கின் பிம்பம் 0.13 மி.மீ. பின்னே விழும், 10 மீட்டராக இருந்தால் 3.3 மி.மீ. பின்னே விழும். குவியத்தை மாற்றாமல் விட்டு, பரந்த பிம்பத்தின் ஒளி முழுவதையும் கூட்டிக்கொள்வதும் சிறு தொலைநோக்கிகளில் சரிப்பட்டு வரும்.

நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் மிதக்கும் பலூன் அத்தொலைவில் நொடிக்கு ஏறக்குறைய 70 வில்விநாடி நகர்கிறது. விண்மீன்களின் தோற்ற நகர்வைப்போல் இது நான்கரை மடங்கு. ஆதலால் ஜிபிஎஸ் தகவலை வானொலி வழியாகப் பெற்றுப் பலூனைப் பின்தொடரலாம். அல்லது கேமரா திறந்திருக்கும் நேரத்துக்குள் விளக்கைச் சிறிது நேரம் மட்டும் ஒளிரவிட்டு, பதிவான கோட்டின் மொத்த ஒளியைக் கூட்டலாம். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். மினுக்கின் மொத்த ஆற்றலைச் சுமையிலுள்ள போட்டோடயோடே அளந்துவிடுவதால் கேமரா மூடியின் நேரப்பிழை கணக்குக்குள் வராது. விளக்கு அணைந்த படங்களைக் கொண்டு வானப் பின்னணியையும் கழித்துக்கொள்ளலாம். பலூன் ஏற ஏற, ஒவ்வொரு உயரத்திலும் ஒளி எவ்வளவு குறைகிறது என்பதும் இதே பதிவில் தெரிந்துவிடும்.

கணக்கிடும்போது துளையின் ஒளி, கோணத் திருத்தம், தொலைவின் வர்க்கம் ஆகியவற்றிலிருந்து தொலைநோக்கிக்கு வரவேண்டிய வாட் அளவைக் கண்டு, கேமரா எண்ணிக்கையை அதனால் வகுத்தால், காற்றும் கருவியும் சேர்ந்த பெருக்கெண் கிடைக்கும். 30 கி.மீ.க்கு மேலே எஞ்சியிருப்பது ஒரு சதவீதக் காற்றுதான். ஓசோன் கணக்கு வேறு. 600 நானோமீட்டரை ஒட்டிய ஒளியில் அது மொத்தமாக 3 முதல் 4 சதவீதம் வரை விழுங்குகிறது, அதில் ஒரு பகுதி பலூனுக்கு மேலேயும் இருக்கிறது. விண்மீனின் ஒளிக்கு அந்தப் பகுதியைத் தனியே சேர்த்துக்கொள்ளுங்கள். மேலும், லேசர் ஓர் அலைநீளத்தில் மட்டுமே விடை தருகிறது. இடைப்பட்ட அலைநீளங்களுக்கு, அலைநீளத்தை மாற்றக்கூடிய ஒளியைத் தொலைநோக்கியின் கூண்டுக்குள் (குவிமாடத்துக்குள்) ஒரு திரையில் பாய்ச்சி எடுத்த ஒப்பீட்டு வளைகோட்டைப் பயன்படுத்தி, லேசர் புள்ளிகளில் அதை இறுக்கிப் பிணைக்க வேண்டும்.

பாராசூட்டில் இறங்கிய சுமையை மீட்டவுடன், திறக்காமலும் துடைக்காமலும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் அதே வரைபடத்தை மறுபடியும் எடுங்கள். பறப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளுக்கு இடையிலான வேறுபாட்டையே உங்கள் பிழை எல்லையாக வெளியிடுங்கள். சுமை நீரில் விழுந்து வெண்பூச்சு நனைந்திருந்தால், அந்தப் பறப்பின் தரவை உயரவாரியான ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கோளத்துக்குப் புதிதாகப் பூச்சிட்டு இன்னொரு பலூனுக்குத் தயாராக வேண்டியதுதான்.