குட்டிப் பருவம் முதல் முதுமை வரை: நாய், பூனைகளின் அன்றாட உடல்நலக் கவனிப்பு

நாயும் பூனையும் வலியை மறைத்துக்கொள்ளும் இயல்புடையவை. பூனை இதில் நாயையும் மிஞ்சும். ஆகவே குட்டி வீட்டுக்கு வந்த அன்றே ஒரு குறிப்பேட்டைத் தொடங்கி, அதன் எடை, தடுப்பூசி போட்ட நாள், குடற்புழு மருந்து கொடுத்த நாள் ஆகியவற்றை எழுதி வாருங்கள். "இது எத்தனை நாளாக இருக்கிறது?" என்று மருத்துவர் பிறகு கேட்கும்போது, நினைவை நம்பிப் பதில் சொல்பவர்கள் அநேகமாகத் தவறாகவே சொல்வார்கள்.

தாயின் சீம்பால் வழியே வந்த எதிர்ப்பாற்றல் குட்டியைச் சில வாரங்கள் காக்கும். ஆனால் அது எஞ்சியிருக்கும்வரை தடுப்பூசியின் வேலையையும் தடுக்கும். அது எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் தீரும் என்று வெளியிலிருந்து தெரியாது என்பதால்தான், 6 முதல் 8 வார வயதில் தொடங்கி 2 முதல் 4 வார இடைவெளியில், குறைந்தது 16 வார வயது வரை ஊசி தொடர்கிறது. முதல் ஊசியோடு நிறுத்திவிட்டால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் பார்வோ போன்ற நோய்களுக்குக் கதவைத் திறந்து வைத்ததாகும்.

குடற்புழு மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. சென்ற மாத எடையை வைத்துக் கொடுக்கக் கூடாது. குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று, வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டால் போதும். இதே பருவத்தில் பாதம், காது, உதடு ஆகியவற்றை நாள்தோறும் மெல்லத் தொட்டுப் பழக்கிவிட்டால், பின்னாளில் நகம் வெட்டுவதும் பல் பார்ப்பதும் மல்யுத்தமாகாது.

வளர்ந்த பிராணிக்கு ஆண்டுக்கொரு முறை முழுப் பரிசோதனை வேண்டும். கருத்தடை அறுவை சிகிச்சைக்கு ஏற்ற வயது இனத்துக்கும் உடலமைப்புக்கும் ஏற்ப மாறுவதால் அதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியவை எடையும் மூச்சும்தான். விலா எலும்புகளை வருடிப் பாருங்கள்: விரித்த கையின் புறங்கையைத் தடவினால் எலும்பு தட்டுப்படுவதுபோல் இருந்தால் எடை சரி, மடக்கிய விரல் முட்டிகளைப்போல் துருத்தினால் மெலிவு, உள்ளங்கையைப்போல் மெத்தென்றிருந்தால் பருமன். பிராணி நன்றாகத் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒன்றாகக் கொண்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்குள் இருப்பது இயல்பு. தொடர்ந்து அதைத் தாண்டினால் இதயத்தையோ நுரையீரலையோ சோதித்தாக வேண்டும்.

நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்து உயிரே போகலாம். மனிதர்கள் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடக்கூடும். ஆண் பூனை அடிக்கடி மணல் தட்டுக்குப் போய் முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், பலர் அதை மலச்சிக்கல் என்று நினைத்துக் காத்திருக்கிறார்கள். அது சிறுநீர்ப் பாதை அடைப்பாக இருக்கலாம். மறுநாள்வரை பொறுக்கவே கூடாது.

நாய்க்கு ஏறத்தாழ 7 வயதிலும், மிகப் பெரிய இனங்களுக்கு அதற்கு முன்பும், பூனைக்கு 10 வயதையொட்டியும் முதுமை தொடங்குகிறது. இனி 6 மாதத்துக்கொரு முறை இரத்தம், சிறுநீர், இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்ப்பது நல்லது. என் பூனை ஜன்னல் திட்டுக்கு ஒரே தாவாகத் தாவுவதை விட்டு, முதலில் நாற்காலியில் ஏறி, அங்கிருந்து போகத் தொடங்கியதைச் சோம்பல் என்றே நான் பல வாரம் எண்ணியிருந்தேன். அது மூட்டு வலி. நன்றாகத் தின்றும் மெலியும் கிழப் பூனைக்குத் தைராய்டு மிகைச் சுரப்பு இருக்கலாம். தண்ணீர் அதிகம் குடிப்பதாகத் தோன்றினால், காலையில் அளந்து ஊற்றி மறுநாள் மிச்சத்தை அளந்து கழியுங்கள். நாய் ஒரு நாளில் தன் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ உண்டா என்று பார்க்க வேண்டும்.

வழுக்கும் தரையில் விரிப்புப் போடுங்கள். மணல் தட்டின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக்குங்கள். தீராத நோய் என்று தெரிந்த பின், தின்றது, எழுந்து நடந்தது, உங்களைக் கண்டு வாலாட்டியது ஆகியவற்றைப் பார்த்து, அன்றைய நாள் நல்ல நாளா கெட்ட நாளா என்று அதே குறிப்பேட்டில் குறித்து வாருங்கள். கெட்ட நாள்கள் மிகும்போது அந்தப் பக்கங்களை மருத்துவரிடம் காட்டிப் பேசலாம்.