‘வெய் ஆன்’: மனத்தை அழுத்தும் கவலையை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி

குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பத்திலிருந்து என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் மாணவி ஒருவர், தறிக் கடனை நினைத்துத் தந்தை தூக்கமின்றித் தவிப்பதைச் சொல்ல விரும்பி, ‘மை ஃபாதர் இஸ் வெயிங் தி லோன்’ என்று எழுதிவந்தார். அவர் எழுதியபடி பார்த்தால், தந்தை கடனைத் தராசில் வைத்து நிறுக்கிறார், அல்லது அதை வாங்கலாமா என்று சீர்தூக்கிப் பார்க்கிறார் என்று பொருளாகிவிடும்.

‘வெய்’ (weigh) தனித்து நின்றால் தராசில் நிறுத்தல், அல்லது ஒன்றைச் சீர்தூக்கிப் பார்த்தல். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காயைத் தட்டில் வைக்கும் கடைக்காரர் செய்வது முதலாவது. அதனுடன் ‘ஆன்’ சேர்ந்து, அடுத்து ஓர் ஆளோ மனமோ வந்தால், ஒரு கவலை அவரை விடாமல் அழுத்துகிறது என்று பொருள். எனவே கவலைக்குக் காரணமானதை எழுவாயாக முதலில் வையுங்கள். கவலைப்படுகிறவரை ‘ஆன்’ என்பதற்குப் பின்னால் வையுங்கள்: ‘தி லோன் இஸ் வெயிங் ஆன் மை ஃபாதர்.’

இந்த அமைப்பு நமக்குப் புதிதன்று. ‘கடன் அப்பாவுக்குப் பாரமாக இருக்கிறது’ என்னும்போதும் கடன்தான் எழுவாய். அப்பா நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். ஆனால் பள்ளியில் ‘வொரி அபவுட்’ முதலில் மனத்தில் பதிந்துவிடுவதால், அதில் ஆள் முன்னால் நிற்கும் வரிசையையே இங்கும் கொண்டுவந்துவிடுகிறோம். பிழையின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

காட்பாடியில் ரயிலைத் தவறவிட்ட நொடியின் பதற்றத்துக்கு இந்தத் தொடர் பொருந்தாது. நாள்கணக்கில் உள்ளே கிடந்து அழுத்துவதற்கே பொருந்தும். அதனால்தான் ‘தி லோன் ஹேஸ் பீன் வெயிங் ஆன் ஹிம் ஃபார் மன்த்ஸ்’ என்ற காலவடிவம் இதனுடன் அடிக்கடி வருகிறது. கவலை கடுமையானதென்றால் நடுவில் ‘ஹெவிலி’ சேர்த்து, ‘இட் வெய்ஸ் ஹெவிலி ஆன் ஹிம்’ எனலாம். ஆளைக் குறிக்காமல் மனத்தைக் குறிப்பதானால் ‘ஆன் ஹிஸ் மைண்ட்’ என்று முடிக்கலாம். உச்சரிப்பில் ‘ஜி’, ‘எச்’ இரண்டும் ஒலிப்பதில்லை. வழியைக் குறிக்கும் ‘வே’ என்ற சொல்லின் ஒலியே இதற்கும்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தோல் ஏற்றுமதி பற்றிய ஆங்கில வணிகச் செய்திகளில் இதே தொடரைக் கண்டால், அங்கே மனக்கவலையைத் தேட வேண்டாம். வரியோ விலையோ தொழிலைக் கீழே இழுக்கிறது என்பதே பொருள்.

‘வெய் டவுன்’ என்ற உறவுத்தொடரில் ‘ஹிம்’ நடுவில் நிற்கும்: ‘தி லோன் வெய்ஸ் ஹிம் டவுன்.’ ‘வெய் ஆன்’ அப்படிப் பிரியாது. ‘வெய்ஸ் ஹிம் ஆன்’ என்று எழுதினால் பிழை.