தொடர் உள்நுழைவுத் தோல்விகளுக்கு எச்சரிக்கை விதி அமைக்கும் முறை

பெங்களூருவில் எலக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு, மாரத்தஹள்ளி என எங்கே போனாலும், சர்வர் நிர்வாகமும் பாதுகாப்புக் கண்காணிப்பும் ஒரே ஆளின் தலையில் விழும் சிறு நிறுவனங்கள் இருக்கின்றன. அப்படி ஒரு பொறுப்பில் இருக்கும் தமிழ் நண்பர்களுக்காக, கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டு உள்ளே நுழையப் பார்ப்பவரை உரிய நேரத்தில் காட்டிக்கொடுக்கும் விதிகளை எப்படி அமைப்பது என்பதை இங்கே விளக்குகிறேன். கருவியாக, சர்வர்களின் லாக்குகளை, அதாவது நிகழ்வுப் பதிவுகளை, படித்து எச்சரிக்கும் வாஸூவை (Wazuh) எடுத்துக்கொள்கிறேன். 2015இல் ஓசெக் என்ற கண்காணிப்பு மென்பொருளிலிருந்து கிளைத்த இந்தத் திறமூல மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கிடையாது.

வலையமைப்பில் கடந்து செல்லும் தரவைக் கவனிக்கும் சூரிகாட்டா, ஸ்னார்ட் போன்ற கருவிகளே போதாதா என்ற கேள்வி எழலாம். சர்வரைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் எஸ்எஸ்எச் இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டது. எனவே வெளியிலிருந்து பார்க்கும் கருவியால், ஓர் ஐபி முகவரியிலிருந்து ஒரு நிமிடத்தில் எத்தனை இணைப்புகள் வந்தன என்று எண்ண முடியுமே தவிர, கடவுச்சொல் சரியா தவறா என்று அறிய முடியாது. எஸ்எஸ்எச் சர்வர் மென்பொருளான ஓபன் எஸ்எஸ்எச் தன் இயல்பு அமைப்பில் ஓர் இணைப்புக்கு 6 முயற்சிகள் வரை அனுமதிப்பதால், இணைப்புகளின் எண்ணிக்கையும் முயற்சிகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருப்பதில்லை. தோல்வியைத் தோல்வி என்று அறிந்து எழுதிவைப்பது சர்வரின் லாக் மட்டுமே.

ஆகவே முதல் வேலை, அந்த லாக் முழுமையாக வந்து சேர்கிறதா என்று பார்ப்பதுதான். உபுண்டுவில் உள்நுழைவு விவரங்கள் ஆத் லாக் கோப்பிலும், ரெட் ஹேட் வழி வந்தவற்றில் செக்யூர் என்ற கோப்பிலும் பதிவாகும். டெபியன் 12இல், லாக் கோப்புகளை எழுதும் ஆர்சிஸ்லாக் என்ற நிரல் இயல்பாக நிறுவப்படுவதில்லை. அங்கே ஆத் லாக் கோப்பைத் தேடினால் கிடைக்காது. ஆர்சிஸ்லாக்கை நிறுவ வேண்டும், அல்லது இயங்குதளமே வைத்திருக்கும் சிஸ்டம்டி ஜர்னல் என்ற பதிவைப் படிக்கும்படி, சர்வரில் இயங்கும் வாஸூவின் ஏஜென்டை அமைக்க வேண்டும். உபுண்டுவில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரியான வரிகளை ஆர்சிஸ்லாக் ஒன்றாகச் சுருக்கி, இச்செய்தி இத்தனை முறை வந்தது என்று ஒரே வரியாக எழுதிவிடும். எண்ணிக்கையை நம்பி நிற்கும் விதிக்கு இது நேர் எதிரி என்பதால், அந்தச் சுருக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

வாஸூவில் விதிகள் இரண்டு அடுக்குகளாக இயங்குகின்றன. அடி அடுக்கில் ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு விதி உண்டு: இல்லாத பயனர் பெயரில் வந்த முயற்சிக்கு 5710, இருக்கும் பயனருக்குத் தவறான கடவுச்சொல் வந்தால் 5760. மேல் அடுக்கு இவற்றை எண்ணுகிறது. ஒரே முகவரியிலிருந்து 120 நொடிகளுக்குள் 8 தோல்விகள் சேர்ந்தால், முந்தைய வகைக்கு 5712உம் பிந்தைய வகைக்கு 5763உம் 10ஆம் நிலை எச்சரிக்கையை எழுப்பும் (நிலை எண் கூடக் கூடத் தீவிரம் கூடும்). இவை மென்பொருளோடு வருபவை. இவற்றின் கோப்புகளில் கை வைத்தால் அடுத்த மேம்படுத்தலில் உங்கள் மாற்றம் அழிந்துவிடும். சொந்த விதிகளை லோக்கல் ரூல்ஸ் கோப்பில், 100000 முதல் 120000 வரையிலான எண்களில் எழுதுங்கள்.

எத்தனை தோல்விகளுக்கு எச்சரிப்பது என்பதைவிட, எதை அடிப்படையாக வைத்து எண்ணுவது என்பதே பெரிய முடிவு என்பது என் கருத்து. முகவரியை மட்டும் வைத்து எண்ணினால் இரு பக்கமும் தவறு நேரும். ஓர் அலுவலகம் முழுவதும் ஒரே பொது முகவரியின் பின்னால் இருக்கும்போது, கடவுச்சொல் காலாவதியான மறுநாள் காலையில் ஐந்தாறு பேர் பழையதையே போட்டால், வாடிக்கையாளர் தளத்து சர்வருக்கு அது தாக்குதல் போலவே தோன்றும். மறுபுறம், பல முகவரிகளிலிருந்து ஒரே பயனரைக் குறிவைத்து முகவரிக்கு இரண்டு முறை மட்டும் முயல்பவர், 8 என்ற வரம்பை ஒருநாளும் தொடமாட்டார்.

எனவே இரண்டு விதிகளைக் கூடுதலாக எழுதுங்கள். முதலாவது, ஒரே பயனர் பெயருக்கு வெவ்வேறு முகவரிகளிலிருந்து ஒரு மணி நேரத்தில், அதாவது 3600 நொடிகளில், 5 தோல்விகள் வந்தால் எச்சரிக்கட்டும். இரண்டாவது, ஒரே முகவரியிலிருந்து வெவ்வேறு பயனர் பெயர்களுக்குத் தோல்விகள் வந்தால் எச்சரிக்கட்டும். எல்லோரிடமும் ஒரே எளிய கடவுச்சொல்லைப் போட்டுப் பார்க்கும் முறையைப் பிடிப்பது இதுதான். இரண்டையும் எழுதுமுன், பயனர் பெயர் எந்தப் புலத்தில் வந்து விழுகிறது என்பதை, லாக் வரியை விதிகளோடு ஒப்பிட்டுக் காட்டும் வாஸூவின் லாக்டெஸ்ட் கருவியில் பார்த்துவிடுங்கள். இருக்கும் பயனருக்கும் இல்லாத பயனருக்கும் அது வெவ்வேறு புலங்களில் வரலாம். எல்லாத் தோல்விகளையும் சேர்த்து எண்ண வேண்டுமானால், தனி விதி எண்ணுக்குப் பதிலாக ஆதென்டிகேஷன் ஃபெயில்ட் என்ற குழுவை அடிப்படையாகக் கொள்ளலாம். விண்டோஸ் சர்வரில் உள்நுழைவுத் தோல்வியைக் குறிக்கும் 4625 நிகழ்வும் அப்போது கணக்கில் சேரும்.

வெள்ளிக்கிழமை மாலை சேலத்துக்கோ வேலூருக்கோ பேருந்து ஏறி, வழியில் கைப்பேசி இணையத்தில் வேலை பார்ப்பவர்கள் நம்மில் ஏராளம். அவர்களுடைய முகவரி பயணத்தின்போது மாறிக்கொண்டே இருக்கும். அதனால், கடவுச்சொல்லைச் சில முறை தவறாகப் போட்டால், முதல் விதி அவர்கள் பெயரில் வீண் எச்சரிக்கை எழுப்பக்கூடும். அதற்காக அந்தப் பயனரை விதிவிலக்குப் பட்டியலில் சேர்க்காதீர்கள். வரம்பை 5இலிருந்து 7 ஆக்கிப் பாருங்கள். விதிவிலக்குப் பட்டியலில் இருக்கும் பெயரே தாக்குபவருக்கு மிகவும் வசதியான பெயர்.

இவை அனைத்திலும் நான் மிக முக்கியமாகக் கருதும் விதி 40112. பல தோல்விகளுக்குப் பின் அதே முகவரியிலிருந்து ஒரு வெற்றி வந்தால் அது 12ஆம் நிலையில் எச்சரிக்கும். பொது இணையத்தை நோக்கித் திறந்திருக்கும் சர்வருக்குத் தோல்விகள் அன்றாடம் வரும். அவற்றைக் காலையில் பார்த்தால் போதும். தோல்விகளைத் தொடர்ந்து வந்த வெற்றிக்கு நள்ளிரவிலும் ஆளை எழுப்ப வேண்டும்.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஓர் அமைப்பு உண்டு. வாஸூவின் மின்னஞ்சல் வசதி இயல்பில் அணைந்திருக்கும். அதை இயக்கினாலும் 12ஆம் நிலைக்குக் குறைந்தவற்றுக்கு அஞ்சல் வராது. 5763 போன்ற 10ஆம் நிலை விதிகள் திரையில் தெரியுமே தவிர அஞ்சல் பெட்டிக்கு வராது. பொது வரம்பை 10க்குக் குறைத்தால் அஞ்சல் குவிந்து, நாளடைவில் யாரும் படிக்காத நிலை வரும். நீங்கள் எழுதிய இரண்டு விதிகளுக்கு மட்டும் கட்டாயம் அஞ்சல் அனுப்பும் விருப்பத்தைச் சேர்ப்பதே நல்லது. அஞ்சல் சர்வருக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தந்து நுழைய வாஸூவால் நேரடியாக முடியாது என்பதால், இடையில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் மென்பொருளை வைக்க வேண்டும்.

கோப்பைச் சேமித்து, ஏஜென்டுகள் அனுப்புவதை ஆராயும் வாஸூ மேனேஜரை மறுதொடக்கம் செய்தபின் சோதியுங்கள். லாக்டெஸ்டில் உண்மையான தோல்வி வரி ஒன்றை 8 முறை ஒட்டினால், எட்டாவதில் மேல் அடுக்கு விதி எழ வேண்டும். அடுத்து, சோதனைக்கென உருவாக்கிய பயனரை வைத்து வேறொரு கணினியிலிருந்து தவறான கடவுச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். தானாகத் தடுக்கும் ஆக்டிவ் ரெஸ்பான்ஸ் இயங்கிக்கொண்டிருந்தால் உங்கள் முகவரியே தடுக்கப்படும். சோதனைக்கு முன் அதை அணைத்துவிடுங்கள், அல்லது சர்வரின் கன்சோலை இன்னொரு வழியில் திறந்து வைத்திருங்கள்.

இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, அனுமதியற்ற அணுகல் போன்ற சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்; லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். வாஸூ இயல்பில் எச்சரிக்கையாக மாறிய வரிகளை மட்டுமே சேமிக்கிறது. மற்ற வரிகளும் வேண்டுமென்றால் லாக் ஆல் என்ற அமைப்பை இயக்கி, 180 நாட்களுக்கு வட்டில் இடம் போதுமா என்பதை முதல் வாரத்துக் கோப்புகளின் அளவை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.