வான்சண்டைக் கதைகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மேசையில் உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் விமானம் ஒன்று இருக்கிறது. மூன்றடுக்கு இறக்கை, உடம்பெல்லாம் சிவப்பு, இறக்கையில் கறுப்புச் சிலுவை. நானே ஒட்டி, நானே வண்ணம் அடித்தது. வீட்டுக்கு வருபவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “ரெட் பேரன் விமானம்தானே? இதை வைத்துத்தானே 80 விமானங்களை வீழ்த்தினார்?” என்று கேட்பார்கள்.

ரெட் பேரன் என்று பெயர்பெற்ற முதல் உலகப்போர் ஜெர்மானிய விமானி மான்ஃப்ரெட் ஃபான் ரிக்தோஃபன் பெயரில் 80 வெற்றிகள் இருப்பது சரி. ஆனால் ஃபோக்கர் என்ற இந்த மூன்றடுக்கு விமானத்தில் அவருக்குக் கிடைத்தவை 19 மட்டும்தான். மற்றவற்றில் பெரும்பகுதி ஆல்பட்ரோஸ் என்ற ஈரடுக்கு விமானங்களில் வந்தவை. படத்திலும் பொம்மையிலும் அழகாக இருப்பது சிவப்பு ஃபோக்கர் என்பதால் கதை அதோடு ஒட்டிக்கொண்டது. போர் விமானிகளைப் பற்றிப் படிக்கிறபோது இப்படி ஒட்டிக்கொள்கிற தவறுகள் நிறைய. அவற்றில் சிலவற்றை நீக்கிவிட்டால் உண்மைக் கதை இன்னும் பெரிதாகத் தெரியும் என்பது என் நம்பிக்கை.

வெற்றிக் கணக்கை விழுந்த விமானக் கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்

1940 செப்டம்பர் 15 அன்று லண்டன் மீது நாள் முழுக்கச் சண்டை. 185 ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தியதாகப் பிரிட்டன் அறிவித்தது. போர் முடிந்து ஜெர்மானியப் பதிவேடுகளைப் பார்த்தபோது, அன்று அவர்கள் இழந்தவை சுமார் 60. மூன்று மடங்கு வித்தியாசம்.

பிரிட்டிஷ் விமானிகள் பொய் சொன்னார்களா? அந்தக் காக்பிட்டில் உங்களை உட்கார வைத்துப் பாருங்கள். எதிரே ஹைன்கல் என்ற ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானம். இரண்டு மூன்று விநாடி சுடுகிறீர்கள், அதன் எஞ்சினிலிருந்து புகை வருகிறது. அதற்குள் உங்கள் வாலைப் பிடிக்க ஒருவன் வந்துவிட்டான். சட்டென்று ஒடித்துத் திருப்பித் தப்புகிறீர்கள். மறுபடி நிமிர்ந்து பார்த்தால் வானத்தில் ஒருவருமே இல்லை. கீழே வயலில் ஏதோ எரிகிறது. அது நீங்கள் சுட்டதுதான் என்றுதான் தோன்றும். அதே ஹைன்கலை உங்களுக்கு முன்னால் வேறு இருவர் சுட்டிருக்கலாம், தரையிலிருந்து பீரங்கிக்காரர்களும் சுட்டிருக்கலாம். எல்லோரும் மனதறிந்து உண்மையாகவே ‘ஒன்று’ என்று எழுதுவார்கள். போதாததற்கு, ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர் விமானம் முழு விசையில் கீழே பாயும்போது கரும்புகை கக்கும். அதை அடிபட்ட புகை என்று எண்ணியவர்கள் பலர்.

நம் பக்கத்துக் கதைகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். கல்கத்தாவில் பிறந்து, முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையில் பறந்த இந்திர லால் ராய் 1918 ஜூலை 6 முதல் 19 வரை, இரண்டே வாரத்தில் 10 வெற்றிகள் பெற்றார். 22ஆம் தேதி பிரான்சில் இறந்தபோது வயது 19. “10 விமானங்களைச் சுட்டு வீழ்த்தியவர்” என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அன்றைய பிரிட்டிஷ் கணக்கில், எரிந்தோ நொறுங்கியோ விழுந்ததும் வெற்றிதான், கட்டுப்பாடு இழந்து கீழே போனதாகக் கண்டதும் வெற்றிதான், இருவர் சேர்ந்து வீழ்த்தியதும் வெற்றிதான். அந்தப் பத்திலும் இந்த வகைகள் எல்லாம் உண்டு. இதைச் சொல்வதால் அந்தப் பையனின் துணிவு ஓர் இம்மியும் குறையாது.

1971 நவம்பர் 22 அன்று கிழக்குப் பாகிஸ்தான் எல்லையோரம் போய்ரா வான்சண்டை. கல்கத்தாவின் டம் டம்மிலிருந்து எழும்பிய நம் நான்கு நாட் ரக விமானங்கள் பாகிஸ்தானின் சேபர் ரக விமானங்களைப் பிடித்தன. மூன்று சேபர்கள் வீழ்ந்தன என்பது நம் அறிவிப்பு. இரண்டு விமானிகள் பாராசூட்டில் குதித்துப் பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி பிற்காலத்தில் பாகிஸ்தான் விமானப்படைத் தளபதியானார். மூன்றாவது சேபர் அடிபட்டும் டாக்கா போய்ச் சேர்ந்துவிட்டது. ஆகவே விழுந்தவை இரண்டு. எந்த எண்ணைப் பார்த்தாலும், சுட்டதாகச் சொன்னவர் பட்டியலை மூடிவைத்துவிட்டு, இழந்தவர் பட்டியலைத் தேடுங்கள்.

வாள்சண்டை மாதிரி கற்பனை செய்யாதீர்கள்

இருவர் நேருக்கு நேர் வட்டமிட்டு, திறமையானவர் ஜெயிப்பார் என்ற படம் நம் மனதில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. வான்சண்டைத் தொழிலை முதன்முதலில் ஒழுங்காக எழுதிவைத்த ஜெர்மானிய விமானி ஓஸ்வால்ட் போல்க் அப்படி நினைக்கவே இல்லை. 1916இல் அவர் வகுத்த எட்டு விதிகளைப் படித்தால் வேட்டைக்காரன் குறிப்பு மாதிரி இருக்கும். தாக்குமுன் சாதகமான இடத்தைப் பிடி, சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள். பின்னாலிருந்து தாக்கு. மிக அருகில் போன பிறகே சுடு. எதிரியின் எல்லைக்குள் இருக்கும்போது திரும்பி வரும் வழியை மறக்காதே. நான்கு ஆறு பேராகச் சேர்ந்து தாக்கு. சண்டை கலைந்து தனித்தனியாகப் பிரிந்தால், ஒரே எதிரி மேல் பலர் பாயாமல் பார்த்துக்கொள்.

அந்தக் கடைசி விதியை எழுதியவருக்கே அது யமனாக வந்தது. 1916 அக்டோபர் 28. போல்க்கும் அவர் குழுவைச் சேர்ந்த எர்வின் போமேயும் ஒரே பிரிட்டிஷ் விமானத்தைத் துரத்துகிறார்கள். குறுக்கே இன்னொரு பிரிட்டிஷ் விமானம் வர, அதன் பின்னால் ரிக்தோஃபன். மோதாமல் ஒதுங்கும்போது போமேயின் சக்கரம் போல்க்கின் மேல் இறக்கையை உரசியது. உரசல்தான். இறக்கை பிய்ந்து விமானம் விழுந்தது. 40 வெற்றிகள் பெற்றவர், 25 வயதில், நண்பன் சக்கரத்தால் இறந்தார்.

அதை நேரில் கண்ட சீடன் ரிக்தோஃபன், 1918 ஏப்ரல் 21 அன்று, ‘திரும்பும் வழியை மறக்காதே’ என்ற விதியை மறந்தார். வில்ஃப்ரிட் மே என்ற புது விமானியைத் துரத்திக்கொண்டு எதிரி எல்லைக்குள், சோம் நதியோரம் மிகத் தாழ்வாகப் போனார். எதிரி ஒருவன் கண்ணில் மாட்டியதும் மற்றதெல்லாம் மங்கிப்போகிற இந்த மயக்கம் அனுபவசாலிகளையும் விடுவதில்லை. அவரைச் சுட்டதாக ராய் பிரவுன் என்ற கனடா விமானிக்கு அன்று பெயர் எழுதினார்கள். தரையிலிருந்த ஆஸ்திரேலியத் துப்பாக்கிக்காரர்களின் குண்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

352 வெற்றிகளோடு பட்டியலின் உச்சியில் இருக்கும் இரண்டாம் உலகப்போர் ஜெர்மானிய விமானி எரிக் ஹார்ட்மனும் வட்டமடித்துச் சண்டை போட விரும்பியவர் இல்லை. எதிரி பார்க்காத நேரத்தில் ஒட்டிப்போய்ச் சுட்டுவிட்டு விலகிவிடுவார். அவரிடம் வீழ்ந்த பலர் அவரைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

எந்த விமானம் சிறந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்

ஸ்பிட்ஃபயரா மெஸ்ஸர்ஷ்மிட்டா, ஜீரோவா வைல்ட்கேட்டா என்று அட்டவணை போட்டு ஒப்பிடுவது சுவையான பொழுதுபோக்கு. ஆனால் அட்டவணையில் வராத சின்ன விஷயங்கள்தான் பல உயிர்களைத் தீர்மானித்தன. பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் மெர்லின் எஞ்சினில், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் இருந்தது. மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் எரிபொருள் மேலே எழும்பி எஞ்சின் திக்கும், பிறகு அளவுக்கு மீறிப் பாய்ந்து எஞ்சினையே அடைத்துவிடும். மெஸ்ஸர்ஷ்மிட்டுக்கு எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சும் அமைப்பு இருந்ததால் அந்தத் தொல்லை இல்லை. மாட்டிக்கொண்ட ஜெர்மானியர் மூக்கை அழுத்திப் பாய்ந்தால் தப்பிவிடலாம். இதற்கு 1941இல் கைகொடுத்தவர் ஃபார்ன்பரோவில் வேலை பார்த்த பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர், புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் மோட்டார் சைக்கிள் ரேஸ் ஓட்டியவர். அவர் செய்தது, நடுவில் ஓட்டை போட்ட ஒரு சின்ன உலோக வில்லை. எரிபொருள் தேவைக்கு மேல் பாயாமல் அது தடுத்தது. எஞ்சினைக் கழற்றாமலே பொருத்திவிடலாம்.

ஜீரோ கதையும் அப்படித்தான். ஜப்பானின் ஜீரோவோடு வட்டமடித்தால் அமெரிக்க வைல்ட்கேட் தோற்கும், அதில் சந்தேகமே இல்லை. ஜான் தாச் என்ற கடற்படை விமானி அதை ஒத்துக்கொண்டே யோசித்தார். இரவு வீட்டு மேசையில் தீக்குச்சிகளை விமானங்களாக வைத்து நகர்த்திப் பார்த்தார். இரண்டு ஜோடி இடைவெளி விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் பறக்க வேண்டும். ஒரு ஜோடியின் வாலில் எதிரி ஒட்டினால், இரு ஜோடியும் ஒருவரை ஒருவர் நோக்கித் திரும்ப வேண்டும். துரத்துகிற ஜீரோ அடுத்த ஜோடியின் துப்பாக்கிக்கு நேர் எதிரே வந்து நிற்கும். 1942 ஜூன் 4 அன்று பசிபிக்கில் நடந்த மிட்வே சண்டையில் அதைச் செய்தும் காட்டினார். விமானம் அதேதான், பறக்கும் விதம்தான் மாறியது.

‘துப்பாக்கி இல்லாததால் தோற்றார்கள்’ என்று நிறுத்திவிடாதீர்கள்

வியட்நாம் போர் பற்றிப் பேச்சு வந்தால் இது கட்டாயம் வரும்: ஃபேன்டம் என்ற ஜெட் போர் விமானத்தில் துப்பாக்கி வைக்காமல் ஏவுகணையை மட்டும் நம்பியதால் அமெரிக்கா திணறியது, துப்பாக்கி வந்ததும் சரியாகிவிட்டது. பாதிதான் சரி. ஏவுகணைகள் பெரும்பாலும் குறி தவறின என்பது உண்மை. ஆனால் பின்னால் உள்ளேயே துப்பாக்கி பொருத்திய ஃபேன்டம் விமானப்படைக்குத்தான் வந்தது. கடற்படையின் ஃபேன்டம்களுக்கு அப்படி வரவே இல்லை. அப்படியிருந்தும் 1972இல் பெரிதாக முன்னேறியது கடற்படைதான். விமானப்படை ஏறத்தாழ பழைய நிலையிலேயே இருந்தது.

காரணம் பயிற்சி. ஃபிராங்க் ஆல்ட் என்ற கடற்படை அதிகாரி கோளாறுகளை அலசி ஓர் அறிக்கை தந்தார். ஏவுகணையைக் கையாளும் விதம், சேமிக்கும் விதம், எந்தத் தூரத்தில் எந்தக் கோணத்தில் விட வேண்டும் என்று விமானிக்கே தெரியாமல் இருப்பது, எல்லாம் அதில் இருந்தன. 1969 மார்ச் 3 அன்று மிராமரில் ஒரு பள்ளி தொடங்கியது. அதுதான் டாப் கன். வட வியட்நாமின் மிக் போர் விமானங்கள் மாதிரியே பறக்கும் சின்ன விமானங்களோடு மோதவிட்டுப் பழக்கினார்கள்.

கடைசியாக, பெரிய விமானிகள் தவறே செய்யாதவர்கள் என்று எண்ணாதீர்கள். சபுரோ சகாய் ஜப்பானின் மிகத் தேர்ந்த விமானிகளில் ஒருவர். 1942 ஆகஸ்ட் 7 அன்று பசிபிக்கின் குவாடல்கனால் தீவருகே எட்டு அமெரிக்க விமானங்கள் கூட்டமாகப் போவதைப் பார்த்தார். வைல்ட்கேட் என்று நினைத்து, விதிப்படி பின்னாலிருந்து ஒட்டிப்போனார். அவை குண்டுவீச்சு விமானங்கள். ஒவ்வொன்றிலும் பின்னோக்கி உட்கார்ந்த ஒரு துப்பாக்கிக்காரர் இருந்தார். எல்லோரும் சேர்ந்து சுட்டதில் ஒரு குண்டு சகாயின் தலையில் பட்டது. வலக்கண் பார்வை போனது, உடம்பின் இடப்பக்கம் மரத்துப்போனது. அவை அவெஞ்சர் விமானங்கள் என்றே அவர் சொல்லிவந்தார். அமெரிக்கத் தரப்புப் பதிவுகளை வைத்துப் பார்த்தவர்கள் டான்ட்லெஸ் என்கிறார்கள்.

அவர் திரும்ப வேண்டிய ஜப்பானிய ரபாவுல் தளம் அங்கிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர். முகத்தில் ரத்தம் வழிய, ஒற்றைக் கண்ணோடு, அடிக்கடி நினைவு தப்பிப்போகிற நிலையில் 4 மணி 47 நிமிடம் பறந்து போய் இறங்கினார். மருத்துவரிடம் கொண்டுபோக வந்தவர்களை நிறுத்திவைத்துவிட்டு, முதலில் மேலதிகாரியிடம் போய் அன்றைய சண்டையைப் பற்றித் தன் அறிக்கையைச் சொன்னார்.