சைபர் செக்யூரிட்டி வேலைக்கு வரும் தம்பிகள் சறுக்கும் இடங்கள்

மஞ்சக்குப்பத்தில் ஒரு டீக்கடையில் வைத்து லேப்டாப்பைத் திறந்து காட்டினான் அந்தத் தம்பி. ஹேக்கிங் சோதனைக்கென்றே செய்த காளி லினக்ஸ் ஓஎஸ், அதற்குள் நூற்றுக்கணக்கில் டூல்கள். "எதுலேர்ந்துண்ணா ஆரம்பிக்கிறது?" பிரவுசரில் ஒரு முகவரியை அடித்தால் பக்கம் வருவதற்குள் என்னென்ன நடக்கிறது என்று கேட்டேன். தளத்தின் பெயரை ஐபி முகவரி எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் என்றான். இணைப்பைப் போடும் டிசிபி, அதைப் பூட்டும் டிஎல்எஸ் பக்கமே போகவில்லை.

நெட்வொர்க் தெரியாமல் டூலைத் தூக்குவதுதான் முதல் தவறு. புதிதாக வருகிறவர்களில் நிறைய பேருக்கு முதலில் கிடைப்பது எஸ்ஓசி (பாதுகாப்புக் கண்காணிப்பு மையம்) வேலை, அதாவது கம்ப்யூட்டர்கள் தானாக எழுதிவைக்கும் லாகை நாள் முழுக்கப் பார்ப்பது. விண்டோஸ் லாகில் 4625 என்றால் லாகின் தோல்வி, 4624 என்றால் வெற்றி. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே ஐபியிலிருந்து நாற்பது 4625, கடைசியில் ஒரு 4624. பாஸ்வேர்டு மறந்த ஊழியரா, உள்ளே புகுந்த திருடனா? லாகான் டைப் 10 என்றிருந்தால் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைந்திருக்கிறார்கள். இதை வீட்டிலேயே பழகலாம். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு விண்டோஸ் போட்டு, ஆடிட் பாலிசியில் தோல்விகளையும் பதியச் சொல்லிவிட்டு, பாஸ்வேர்டை வேண்டுமென்றே தப்பாக அடித்து லாகைக் காட்டும் ஈவன்ட் வியூவரைப் பாருங்கள்.

அடுத்தது, அடுத்தவன் வீட்டுக் கதவில் பழகுவது. நானும் செய்தவன்தான். கல்லூரியில் படிக்கும்போது மார்க் போடும் தளத்தில் ஓட்டை இருக்கிறதா என்று ஸ்கேன் செய்துவிட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி, அனுமதி இல்லாமல் நுழைந்தாலே நஷ்டஈடு கேட்கலாம். கெட்ட எண்ணமும் இருந்தால் 66ஆம் பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். போர்ட்ஸ்விக்கர் நிறுவனத்தின் பயிற்சித் தளமான வெப் செக்யூரிட்டி அகாடமி இலவசமாகவே இருக்கிறது, அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் உடையுங்கள்.

சர்டிஃபிகேட்டுக்குக் கடன் வாங்காதீர்கள். ஊடுருவிச் சோதிக்கும் திறனுக்கான ஓஎஸ்சிபி தேர்வுக்கு 23 மணி 45 நிமிடம் உட்கார்ந்து மெஷின்களை உடைத்துக் காட்ட வேண்டும். நல்ல தேர்வுதான், ஆனால் சம்பளம் வந்த பிறகு எழுதினால் போதும்.

யாரும் பேசாத ஒன்று, எழுத்து. 2022இல் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, குறிப்பிட்ட வகைச் சம்பவங்களைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அரசுக்குச் சொல்ல வேண்டும். அந்த அறிக்கைக்கு அடிப்படையே நைட் ஷிஃப்ட்டில் நீங்கள் எழுதும் நாலு வரிதான். நான் தமிழ் மீடியம். முதல் மூன்று மாதம் எந்த டிக்கெட்டையும் (சம்பவக் குறிப்பு) முதலில் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் ஆங்கிலத்தில் அடிப்பேன்.