புரி பிரிந்த கதை: நைட்ரோ படகை எலக்ட்ரிக் ஆக்கிய என் அனுபவம்

நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரேடியோ கண்ட்ரோல் படகின் இன்ஜினையும் டேங்கையும் கழற்றிவிட்டு 2000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2000 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டாரும் 11.1 வோல்ட் லிப்போ பேட்டரியும் வைத்தேன். கப்ளிங்கைக் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். எரிபொருளில் இருந்த விளக்கெண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கவே ஒரு நாள் போனது, அது தனிக் கதை.

மேஜை மேல் அருமையாகச் சுற்றியது. சூலூர் குளத்தில் விட்டால் அரை நிமிடத்தில் திக்கித் திக்கி நின்றுவிடும். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி கை வைக்க முடியாத சூடு. பேட்டரியை மாற்றினேன், பெரிய ஈஎஸ்சி போட்டேன், கூலிங் குழாயை ஊதிப் பார்த்தேன். நாலு நாள் வீண்.

கடைசியில் மோட்டாரின் சுழற்சியை ப்ரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் முறுக்குக் கம்பியான ஃப்ளெக்ஸ் கேபிளை உருவி லேத்காரரிடம் காட்டினேன். விரலால் திருகிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, புரி பிரியற பக்கமா சுத்த விட்டிருக்கீங்களே" என்றார்.

அதேதான். முதல் நாள் படகு பின்னோக்கிப் போனது. வயரைத் தொடச் சோம்பல்பட்டு, எதிர்த்திசை ப்ரொப்பெல்லரை மாட்டியிருந்தேன். நைட்ரோ இன்ஜின் சுற்றும் திசைக்கு இறுகும்படி முறுக்கிய கேபிள் அது. எதிர்ப்பக்கம் சுற்றினால் புரி பிரிந்து உப்பி, குழாய்க்குள் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் பளு ஏறினால்தான் உப்பும், அதனால்தான் மேஜையில் தெரியவில்லை.

மோட்டாரின் மூன்று வயர்களில் இரண்டை இடம் மாற்றி, பழைய ப்ரொப்பெல்லரையே மாட்டினேன். கேபிள் புதிது, கிரீஸ் தாராளம். அப்புறம், இறுகும்போது கேபிள் நீளம் குறையும் என்பதால் ப்ரொப்பெல்லரைப் பிடித்துச் சுற்றும் ட்ரைவ் டாகுக்கு முன்னால் 3 மி.மீ. இடைவெளி விட்டேன். இப்போது பேட்டரி தீரும்வரை ஓடுகிறது, ஈஎஸ்சி வெதுவெதுப்புதான்.