மூலிகை மருந்தில் நஞ்சு சேரும் இடங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூலிகையில் பூஞ்சை தெரிந்தால் தட்டிவிட்டு, ஒரு நாள் வெயிலில் போட்டு, மறுபடியும் டப்பாவில் அடைத்துவிடுகிறார்கள். இருப்பதிலேயே ஆபத்தான தவறு இதுதான். கண்ணுக்குத் தெரிகிற பூஞ்சையைத் துடைத்துவிடலாம், அது உள்ளே விட்டுவைத்த நச்சைத் துடைக்க முடியாது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் போன்ற பூஞ்சைகளிலிருந்து வரும் அஃப்ளாடாக்சின் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. கஷாயம் வைக்கிற கொதி அதை ஒன்றும் செய்யாது; வெயிலையும் நம்ப முடியாது. பூசணம் பிடித்த வேரை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளவும் வேண்டாம். கூட இருந்ததையும் சேர்த்துக் கொட்டிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனால் உடம்பு சரியில்லாதவர் சாப்பிடப்போகிற பொருள் அது.

பூஞ்சை வந்துவிட்டதென்றால் பெரும்பாலும் உலர்த்தியது அரைகுறை என்று அர்த்தம். மூலிகையின் ஈரப்பதம் பொதுவாக 10 முதல் 12 சதவீதத்துக்குள் வர வேண்டும். இலை சீக்கிரம் காய்ந்துவிடும். ஏமாற்றுவது தடித்த வேரும் கிழங்கும்தான். மேலே தொட்டால் மொறுமொறுவென்று இருக்கும். உடைத்துப் பார்த்தால் நடுப்பகுதி நிறம் மங்கி, விரலில் லேசாகப் பிசுபிசுக்கும். இலை கசக்கினால் நொறுங்க வேண்டும், வேர் 'படக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை. கிழங்கை மெல்லிய வில்லைகளாக நறுக்கிக் காயவைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். தரையில் பரப்பாமல், அடியிலும் காற்று போகிற வலைத்தட்டில் பரப்புங்கள். சாலையோரம் வேண்டவே வேண்டாம். தூசியும் வாகனப் புகையும் அப்படியே படியும்.

காய்ந்ததும் சூட்டோடு மூடுவது அடுத்த தவறு. ஆறும்போது மூடியின் உட்பக்கம் நீர் கோத்து, காயவைத்த வேலையெல்லாம் வீணாகும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை உடனே திறந்தாலும் இதே கதைதான். வெளிச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்க வேண்டும்.

இடித்துச் சலித்துப் பொடியாக்கிவிட்டால் எது எந்தச் செடி என்று கண்ணால் சொல்ல முடியாது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடையைக் குறைக்கக் கொடுத்த மருந்தில் ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்ற சீன மூலிகை இருக்க வேண்டிய இடத்தில் அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி என்ற நச்சுச் செடி கலந்துபோனது. நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் பழுதாகி, அவர்களில் பலருக்குப் பிற்பாடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. முடிந்தவரை முழுசாக வாங்கி, தாவரவியல் பெயரைச் சரிபார்த்து, அப்புறம் இடிப்பதே நல்லது. லேபிளில் பெயரும் தேதியும் எழுதாமல் எந்த டப்பாவையும் அலமாரியில் ஏற்றாதீர்கள்.

கன உலோகம் வேறு வகைச் சிக்கல். ஈயமும் காட்மியமும் மண்ணிலிருந்து செடிக்குள்ளேயே ஏறிவிடும், எத்தனை தடவை கழுவினாலும் போகாது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. இதைப் பார்த்தோ மோந்தோ கண்டுபிடிக்க வழியில்லை. விற்பனைக்குச் செய்கிறவர்கள் ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வகத்தில் சோதித்துத்தான் ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாத்திரமும் முக்கியம். புளிப்பான சரக்கைப் பூச்சில்லாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் கொதிக்கவிட்டால் உலோகம் கரைந்து இறங்கும். எவர்சில்வர் போதும்.

கொதித்த கஷாயத்தில் கிருமி ஏது என்று நினைத்து அடுப்படியிலேயே விட்டுவைப்பவர்கள் நிறையப் பேர். பாசில்லஸ் சீரியஸ் போன்ற பாக்டீரியாக்களின் வித்துகள் கொதியைத் தாங்கிக்கொண்டு, ஆறியதும் முளைத்துப் பெருகும். அன்றன்றைக்கு வைத்துக் குடியுங்கள்.

பச்சை இலையையோ பூண்டையோ எண்ணெயில் ஊறவைத்து வாய்வழி சாப்பிடுவதில்தான் எனக்குப் பெரிய பயம். எண்ணெய்க்குள் காற்று இல்லை, பச்சை மூலிகையில் ஈரம் இருக்கிறது. நரம்பைத் தாக்கும் பாட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமிக்கு வளர அது போதும். அந்த நச்சு மணத்திலோ சுவையிலோ தெரியாமல் போகலாம். முழுக்க உலர்ந்த மூலிகையை மட்டும் எண்ணெயில் போடுங்கள். பச்சையாகத்தான் வேண்டுமென்றால் கொஞ்சமாகச் செய்து, ஃப்ரிட்ஜில் வைத்து, நாலு நாளுக்குள் தீர்த்துவிட்டு மீதியைக் கொட்டிவிடுங்கள்.